பை நிறைய விஷக் குப்பியா? இருக்கட்டுமே!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டக்காரர் கையில் அமிலம், விஷம், மாய மருந்து என்று குப்பி குப்பியாகச் சேர்ந்துவிட்டால் பதறிப்போய், நடுராத்திரி திருடனை அனுப்பிப் பிடுங்காதீர்கள். பாவம், ஆசையாகச் சேர்த்தது.

விதிகளிலேயே போதுமான வில்லங்கம் இருக்கிறது. செத்த வைவர்னிடம் (வாலில் விஷக் கொடுக்குள்ள பறக்கும் டிராகன் வகை) விஷம் எடுக்க 1 முதல் 6 நிமிடம் ஆகும். அப்புறம் பகடையில் விழும் எண்ணும் திறனுக்கான புள்ளியும் சேர்ந்து 20 தொட வேண்டும். 15 அல்லது அதற்குக் கீழே போனால் எடுத்தவருக்கே விஷம் ஏறும். கிடைப்பதும் ஒரே ஒரு டோஸ்தான். அந்த ஆறு நிமிடத்தில் அதன் ஜோடி திரும்பி வராது என்று யார் சொன்னது?

எனக்கு ரொம்பப் பிடித்தது 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் மருந்துக் கலப்பு அட்டவணை. விருப்ப விதிதான், ஆனால் அமர்க்களம். ஒரு மருந்தின் வேகம் அடங்குமுன் இன்னொன்றைக் குடித்தால் நூறு வரைக்குமான பகடையை உருட்ட வேண்டும். 01 விழுந்தால் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் அடி. 00, அதாவது நூறு, விழுந்தால் ஒரு மருந்தின் பலன் நிரந்தரமாகிவிடும். அந்தப் பகடை உருளும்போது மேசையில் யாரும் மூச்சு விடுவதில்லை.

பர்ப்பிள் வோர்ம் என்ற ராட்சதப் புழுவின் விஷம் ஒரு டோஸ் 2,000 பொன். பையில் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் வாங்கவும் ஆள் வரும், பிடிக்கவும் ஆள் வரும். சரி, கதை கிடைத்துவிட்டது.

தடுக்கி விழும்போதெல்லாம் குப்பி உடைந்ததா என்று உருட்டச் சொல்வதை மட்டும் நான் செய்வதில்லை. இரண்டாம் தடவையே சலித்துவிடும்.