வாசல் பாத்தியில் மலைக் கோர்ன்ஃபிளவர்

நுவரெலியா பக்கம் யாராவது கோர்ன்ஃபிளவர் என்கிற நீலப் பூச்செடி வைக்கலாமா என்று கேட்டால், ஒரு முறை பூத்து முடிந்துபோகிற செடியை விட்டுவிட்டு, வருடக்கணக்கில் நிற்கிற மலைக் கோர்ன்ஃபிளவரை வையுங்கள் என்றுதான் சொல்வேன். தாவரப் பெயர் சென்டோரியா மொன்டானா. ஆல்ப்ஸ் மாதிரியான ஐரோப்பிய மலைகளின் புல்வெளியில் தானாக வளர்கிற செடி, அதனால் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் குளிரோ தை, மாசியில் விழும் துகள் பனியோ அதை ஒன்றும் செய்யாது.

மழைதான் எதிரி. வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் புரட்டாதி வரை விடாது, மண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் பாத்தியை உயர்த்திப் போட்டு, தேயிலை மலையில் வெட்டுகிற மாதிரியே பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டிவிடுங்கள். பின்னேரம் இங்கே மூடுபனி இறங்கிவிடும் என்பதால் காலை வெயில் நேராக விழுகிற கிழக்குப் பக்கம்தான் நல்லது. மரக்கறித் தோட்டத்துக்குப் போடுகிற அளவுக்கு உரம் மட்டும் வேண்டாம், தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

மொட்டைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு செதிலின் விளிம்பிலும் மை தீட்டினாற்போல் கறுப்பு இழைகள். விரிந்ததும் வெளிவட்டத்து நீல இதழ்கள் நுனி பிளந்து இடைவெளி விட்டு நிற்கும், நடுவில் செவ்வூதா. எனக்கு விரிந்த பூவைவிட அந்த மொட்டுத்தான் பிடிக்கும். தேனீக்களுக்குப் பூ!

பூ ஓய்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர், அவருக்கு இதில் தயக்கமே இல்லை, "வெட்டு மகள், அடியிலருந்து துளிர்க்கும்" என்பார். துளிர்க்கும், மறுபடி பூக்கவும் செய்யும். இலையில் வெள்ளை மாவு மாதிரிப் பூஞ்சை படிந்திருந்தாலும் இதே வைத்தியம்தான். செடிகளை நெருக்கமாக நட்டால் அது சீக்கிரம் வரும்.

அப்புறம், இரண்டு மூன்று வருடத்தில் தூர் பெருத்து நடுப்பகுதி வெறுமையாகிவிடும். மண் கிளறுகிற முள்ளுக் கருவியால் கிளப்பி, வேரோடு பிரித்து நடுங்கள். ஒடிந்த வேர்த்துண்டு மண்ணில் கிடந்தால் அதிலிருந்தும் முளைக்கும், ஆகவே லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.