ஒரே மயக்கத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை

வீட்டுப் பூனைக்குப் பால்மடியில் கட்டி என்றால் மேசையில் தூக்கி வைத்துத் தடவிப் பார்க்கலாம், ஊசி குத்தி எடுத்த செல்களை அன்றைக்கே ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். புலியைத் தொடவே மயக்க ஊசி போட வேண்டும். வயதான புலிக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அந்த ஊசியே ஆபத்து. எங்கள் உயிரியல் பூங்காவின் கிழட்டுப் பெண்புலிக்கு மடியில் கட்டி வந்தபோது, மருத்துவரான என்னைத் தூங்கவிடாத சிக்கல் இதுதான்.

முதலில் கவனித்தவர் கீப்பர் அண்ணன். “ஒரு பக்கமாவே படுக்கிறா சார், அந்த இடத்தை நக்கிக்கிட்டே இருக்கா” என்றார். தீனி குறையவில்லை. பெரும்பூனைகள் நோவை மறைக்கும். தீனியில் தெரியும் வரை காத்திருந்தால் நோய் முற்றிவிடும். அவர் பேச்சையே முதல் பரிசோதனை முடிவாக எடுத்துக்கொண்டேன்.

கறித்துண்டு காட்டினால் கம்பியோரம் வந்து படுக்க அவளைப் பழக்கியிருந்தார். அதனால் வாலைப் பிடித்து, மயக்காமலேயே ரத்தம் எடுக்க முடிந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் மயக்கம் தாங்குவாள் என்று பட்டது. அவளுடைய பழைய ஃபைலையும் புரட்டினேன். எம்.ஜி.ஏ. என்ற ஹார்மோன் கருத்தடைக்கும் பெரும்பூனைகளின் மடிப் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1996-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 31 விலங்குகளை வைத்துக் காட்டியிருந்தது. இவளுக்கு அந்த மருந்து கொடுத்த பதிவே இல்லை.

மயக்கும் நாளுக்கு முந்தைய இரவு பட்டினி. சைலசின் என்ற மயக்க மருந்து பூனையினத்துக்கு வாந்தி வரவழைக்கும், வயிறு காலியாக இருந்தே ஆக வேண்டும். விடியற்காலையில் ஊதுகுழலால் சைலசினும், கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தும் ஏற்றினோம். கெட்டமினில் கண் மூடாது. களிம்பு போட்டு, துணியால் மறைத்தோம். அதன்பின் நிமிடங்கள்தான் கணக்கு. ஒருவர் மூச்சையும் உடல் சூட்டையும் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன், கட்டியில் ஊசி, கடைசியாகத் துண்டு வெட்டி பயாப்சி என்று முடித்தார்கள். ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார், நான் ஒப்பவில்லை. புண்பட்ட கட்டியில் ஊசி குத்தினால் பெரும்பாலும் சீழும் ரத்தமும்தான் வரும். ஸ்லைடில் வந்ததும் அதுவே.

பயாப்சித் துண்டை மெல்லிசாக நறுக்கி, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில், அதாவது திசுவை அழுகாமல் காக்கும் திரவத்தில், போட்டு அனுப்பினோம். பெரிய துண்டை அப்படியே அமுக்கிவைத்தால் உள்பக்கம் அழுகிவிடும், லேப்பில் ஒன்றும் பார்க்க முடியாது.

மடிச் சுரப்பிப் புற்று என்று அறிக்கை வந்தது. அதற்கு முன்பே எக்ஸ்ரேயில் நுரையீரலில் உருண்டை உருண்டையாகத் தெரிந்ததை நான் பார்த்திருந்தேன். புற்று அங்கேயும் பரவிவிட்டதால், கட்டியை மட்டும் அறுத்தெடுப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தோம். சிறுநீரகத்தை மனதில் வைத்து வலி மருந்தைக் குறைந்த அளவில் கறிக்குள் வைத்துக் கொடுத்தோம். தீனி, நடை, மூச்சு மூன்றையும் தினமும் குறித்துவைக்கும் பொறுப்பைக் கீப்பர் அண்ணனே ஏற்றுக்கொண்டார். எது எந்த அளவுக்கு மோசமானால் கருணைக்கொலை பற்றிப் பேச வேண்டும் என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தோம்.