யார் சொன்னார்கள் என்றே தெரியாத குற்றச்சாட்டு

வில்லியம் கிரீன் வழக்கை இந்த வாரம் மறுபடியும் படித்தேன், இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. அமெரிக்க ராணுவத்துக்காக வேலை செய்த ஒரு நிறுவனத்தில் பொது மேலாளர், விமானப் பொறியாளர், ஆண்டுச் சம்பளம் 18,000 டாலர். 1953-ல் நிறுவனத்துக்குக் கடற்படைச் செயலரின் கடிதம் வருகிறது: ரகசிய ஆவணங்களைப் பார்க்க இவருக்கு இனி அனுமதி இல்லை. இந்த முடிவை எடுக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுமதி போனதும் வேலையும் போனது, கடைசியில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனார், 4,400 டாலருக்கு.

ஒரு வருடம் கழித்துத்தான் விசாரணை வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு பழக்கம் என்பது புகார். ஆனால் புகார் சொன்னவர் ஒருவர்கூட வரவில்லை. விசாரித்த குழுவே அவர்களைப் பார்த்ததில்லை என்றால் என்னதான் விசாரித்தார்கள்?

1959-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சாட்சியை எதிர்கொள்ள விடாமல் ஒருவர் பிழைப்பைப் பறிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமோ அதிபரோ வெளிப்படையாகக் கொடுக்கவில்லை என்றது. மறு ஆண்டே அதிபர் ஐசன்ஹோவர் ஓர் ஆணை போட்டார்: காரணங்களை எழுத்தில் தர வேண்டும், குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு வேண்டும், சில விதிவிலக்குகளோடு.

ராணுவத்துக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு இந்த அனுமதியை மறுக்கும்போது பின்பற்றும் இன்றைய நடைமுறை அங்கிருந்து வந்ததுதான். குற்றச்சாட்டுப் பட்டியல் கைக்கு வந்து 20 நாளில் பதில் தர வேண்டும், அதிலேயே நேரடி விசாரணை வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டால் பெரும்பாலும் காகிதங்களை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். விசாரணைத் தேதியை 15 நாளாவது முன்னால் சொல்ல வேண்டும். இந்த 15 நாள் பெரிய விஷயம். சாட்சியைத் திரட்ட, (கடனே புகாராக இருந்தால்) கடன் அடைத்த ரசீதைத் தேட, வக்கீல் பிடிக்க (அதுவும் சொந்தச் செலவில்) எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான் நேரம்.

சரி, தோற்றால் மேல்முறையீடு இருக்கிறதே என்று தோன்றலாம். இருக்கிறது, 15 நாளுக்குள் அறிவித்துவிட வேண்டும். ஆனால் அங்கே புது ஆதாரம் எதையும் ஏற்க மாட்டார்கள், கீழே பதிவானதை வைத்து நீதிபதி தவறு செய்தாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். விசாரணைக்கு மறுநாள் கிடைத்த ரசீது அங்கே உதவாது.

ரகசியங்களைப் பார்க்கத் தரும் இந்தப் பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை என்று 1988-ல் ஈகன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அனுமதியை மறுக்கும்போது ஏன் என்று சொல்லுங்கள், பதில் சொல்ல நாள் கொடுங்கள். கிரீனுக்கு 1953-ல் அது கிடைத்திருக்க வேண்டும்.