பிபங்காய் கொடுங்க, அரைக் கிலோ

மொரீஷியஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. கணவருக்கு எபேனில் வேலை. கும்பகோணத்திலிருந்து கிளம்பும்போது அம்மா, அங்கே என்ன கிடைக்குமோ என்னவோ என்று புலம்பியபடியே சாம்பார்ப் பொடி, வத்தல், வடகம் என்று ஒரு பெட்டி முழுக்கக் கட்டிக் கொடுத்தாள்.

வந்த முதல் சனிக்கிழமை காத்ர் போர்ன் சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் பீர்க்கங்காய் குவிந்து கிடந்தது. கடைக்கார அம்மாவிடம் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிக்கிறார். சரி என்று கையால் காட்டினேன். "ஆ, பிபங்காய்!" என்றார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கொத்தமல்லியைக் காட்டினேன், "கொத்தொமிலி". கறிவேப்பிலையைக் காட்டினேன், "காரிபுலே". முருங்கைக் கீரைக்கு "ப்ரெத் முரும்", ப்ரெத் என்றால் கீரை. அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, இதெல்லாம் அவருக்குச் சுத்தமான கிரெயோல், பிரெஞ்சை அடியாகக் கொண்ட இந்த ஊர் மொழி. நான் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு கடைசி வரை சிரித்தபடியே நின்றிருந்தேன், என்ன நினைத்தாரோ.

இந்தத் தீவுக்கென்று பூர்வகுடிகள் யாரும் கிடையாது, அதனால் தட்டில் இருப்பதெல்லாம் யாரோ கப்பலில் கொண்டுவந்ததுதான். டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள், மான் கறி இன்றைக்கும் இங்கே ஓடுகிறது. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே மரவள்ளியை வரவழைத்தார், துறைமுகம் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்தார். ஆக நம் ஆட்கள் வந்தது கரும்புத் தோட்டக் காலத்துக்கும் ஒரு நூறு வருடம் முன்னால். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்கள்தான் அந்தக் கிரெயோல் மொழியையே உருவாக்கினார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1834 தொடங்கி ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பாதிக்கு மேல் பீகார்ப் பக்கத்து ஆட்கள், சென்னைத் துறைமுகம் வழியாக வந்த நம்மவர்களும் நிறைய. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் போர்ட் லூயியில் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அந்தக் கல் படிகளில் நின்றபோது மனசு என்னமோ செய்தது.

அந்தப் பீகார்க்காரர்கள் கொண்டுவந்த தால் பூரிதான் இன்றைக்கு இந்த நாட்டின் தெருச் சாப்பாடு. கடலைப்பருப்பை மஞ்சள் போட்டு வேகவைத்துப் பொடித்து, மைதா மாவுக்குள் வைத்துக் கைக்குட்டை மாதிரி மெல்லிசாகத் தேய்ப்பார்கள். பருத்த பீன்ஸ் கொட்டைக் குழம்பு, ருகாய், சட்டினி எல்லாம் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் தருவார்கள். ஒன்று என்று கேட்டேன், கடைக்காரர் ஜோடியாகத்தான் கொடுத்தார். "பிமான்?" என்று கேட்டதற்கு, மிளகாய்தானே, நமக்குத் தெரியாத காரமா என்று தலையை ஆட்டிவிட்டேன். கண்ணீரோடு வண்டிக்கடை ஓரத்தில் நின்றதைப் பார்த்து அவரே ஒரு டம்ளர் அலூதா ஊற்றிக் கொடுத்தார்: சப்ஜா விதை, கடல்பாசி போட்ட குளிர்ந்த பால். நம் ஃபலூடாவின் தம்பி.

ருகாய் என்பது தக்காளி, வெங்காயம், பூண்டோடு தைம் இலை போட்ட தொக்கு, பல சமயம் உப்புக் கருவாட்டோடு. இந்தப் பெயர் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்கிறார்கள். ஊறுகாய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பிபங்காயைக் கேட்ட காதுக்கு இதை நம்புவதில் சிரமம் இல்லை. நிஜமாகவே ஊறுகாய் மாதிரி இருப்பதற்கு இங்கே அச்சார் என்று பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது மசால் வடைதான். இங்கே "காத்தோ பிமான்", மிளகாய்க் கேக். காலையில் அதைச் சுடச்சுட, வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் வைத்து நசுக்கிச் சாப்பிடுவார்கள். முதலில் பார்த்தபோது வடைக்கு இப்படி ஒரு கதியா என்று இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் வடைக்கு ரொட்டி தேடுகிறேன், அம்மா திட்டுகிறாள். சீனக் கடைகளின் மீன் ஃப்ரீத், மீன் இல்லை, வறுத்த நூடுல்ஸ், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறார்கள். இருந்தும் வீட்டில் பேசுவது கிரெயோல்தான். எங்கள் பக்கத்து வீட்டுத் தாந்தீன், அதாவது அத்தை மாதிரி, எழுபதைத் தாண்டியவர், தமிழ்க் குடும்பம். கோயிலில் வாழை இலை போட்டு "செத் காரி", ஏழு கறி பரிமாறும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னவர். போன ஜூலையில் எனக்குச் சளி பிடித்திருந்தபோது ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துவந்தார். "ராசோன், மோ திஃபி. குடி." மோ திஃபி என்றால் என் பெண்ணே. புளி, மிளகு, சீரகம், தட்டிப்போட்ட பூண்டு. குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இந்தியாவிலும் இது செய்வார்களா?"

செய்வோம் என்றேன். அடுத்த வாரம் அம்மா கொடுத்த பொடியில் ஒரு ரசம் வைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தார், யோசித்தார். பூண்டு போதாது என்றார்.