டெலி ஜூமில் ரேநாக்ஸ் மாட்டி இரண்டு மடங்கு உருப்பெருக்கம் வரை

மேக்ரோ லென்ஸ் வாங்காமல், கையில் இருக்கும் ஜூம் லென்ஸின் முன்னால் ஒரு குளோசப் லென்ஸை (பூதக்கண்ணாடி போன்ற துணைக் கண்ணாடி) மாட்டியே எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று பார்க்க ஆசை. அதனால் இந்தப் பருவம் முழுக்க கேனான் 55-250 எஸ்டிஎம் லென்ஸின் முனையில் ரேநாக்ஸ் டிசிஆர்-250 மாட்டித்தான் பூச்சிகளைப் படமெடுத்தேன். பார்த்தவரை சொல்கிறேன்: நீளமான ஜூம் வைத்திருப்பவர்கள் முதலில் முயல வேண்டியது இதுதான். 18-55 போன்ற குட்டை லென்ஸில் இது பெரிதாக எதுவும் தராது. நீளம் கூடக் கூடத்தான் இதன் பலம் தெரியும்.

கணக்கு எளிது. குளோசப் லென்ஸின் பவர், மூக்குக் கண்ணாடிக் கடையில் சொல்லும் அதே பவர்தான். 1000ஐ அந்தப் பவரால் வகுத்தால் குவியத் தூரம் மில்லிமீட்டரில் வந்துவிடும். டிசிஆர்-250 ப்ளஸ் 8, ஆகவே 125 மி.மீ. கேமரா லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) வைத்துவிட்டால், பூச்சி குளோசப் லென்ஸிலிருந்து ஏறக்குறைய அந்த 125 மி.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவைப் போல எத்தனை மடங்கு என்பது) எவ்வளவு என்றால், கேமரா லென்ஸின் நீளத்தை, அதாவது குவியத் தூரத்தை, 125ஆல் வகுக்க வேண்டும். 100 மி.மீ.யில் 0.8 மடங்கு, 200இல் 1.6, 250இல் சரியாக 2.

இதை ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தேன். என் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மி.மீ. இரண்டு மடங்கு என்றால் படத்தின் அகலத்துக்குள் 11 மி.மீ. சொச்சம்தான் அடங்க வேண்டும். 250இல் வைத்து எடுத்தபோது பதினோரு கோடுகளும் பன்னிரண்டாவதின் ஓரமும் விழுந்தன. எதுவும் மாட்டாமல் இதே லென்ஸ் தருவது அதிகபட்சம் 0.29 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 77 மி.மீ. அகலம். ஒரு தட்டான் முழுசாக அடங்கும் சட்டத்தில் இப்போது ஓர் எறும்பு நிறைந்து நிற்கிறது.

ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டியிலேயே விட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது. இந்த மாதிரி ஜூம்களில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் உள்ளே குவியத் தூரமே சுருங்கிப்போகிறது. இன்ஃபினிட்டியில்தான் 250 என்பது நிஜமாக 250.

கண்ணாடியின் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ப்ளஸ் 1, 2, 4 என்று செட்டாக வரும் ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர்களை அடுக்கினால் பவர் கூட்டிக்கொள்ளும், மூன்றும் சேர்ந்தால் ப்ளஸ் 7. (அடுக்கும்போது பவர் அதிகமானது கேமரா பக்கம் இருக்க வேண்டும்.) நடுப்பகுதி மோசமில்லை. ஓரத்துக்கு வந்தால் ஸ்கேலின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை. ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்காது என்பதால் வரும் வினை இது. வெவ்வேறு தன்மையுள்ள இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் அக்ரோமேட் முறைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றது 1758இல். தொலைநோக்கிக்காக வந்த அந்த வித்தைதான் இன்று கேனான் 500டி போன்ற நல்ல குளோசப் லென்ஸ்களில் இருக்கிறது. டிசிஆர்-250இல் இரண்டு குழுவாக மூன்று கண்ணாடிகள். அதே ஸ்கேலில் ஓரம் வரை கோடுகள் கறுப்பாகவே நின்றன. ஜூமைக் குறைத்தால் மட்டும் நான்கு மூலையும் இருண்டுவிடுகிறது. இதன் கண்ணாடி சிறியது, அதனால் நீண்ட பக்கத்திலேயே வேலை செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம், ஜூம் செய்யும்போது தூரம் மாறாததுதான். 150இல் பூச்சியைத் தேடிப் பிடித்து, நகராமல் 250க்குத் திருப்பினால் ஃபோகஸ் ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் டியூபில் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) உருப்பெருக்கத்தைக் கூட்ட வேண்டுமென்றால் டியூபைக் கழற்றி மாட்ட வேண்டும், பூச்சியை நெருங்கவும் வேண்டும். அதற்குள் அது போய்விடும்.

ஆழம்தான் கஷ்டம். இரண்டு மடங்கில் எஃப்/8இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்) தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஃப்/16இல் அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு சௌகரியம் உண்டு. மேக்ரோ லென்ஸ் 1:1க்கு, அதாவது ஒரு மடங்குக்கு, போகும்போது எஃப்/11 என்று வைத்தாலும் சென்சாரில் விழும் வெளிச்சம் எஃப்/22க்கு நெருக்கமாகிவிடும். இன்ஃபினிட்டியில் நிற்கும் ஜூமின் முன்னால் குளோசப் லென்ஸ் மாட்டினால் எஃப்/11 என்பது எஃப்/11ஆகவே இருக்கிறது. அதனால் எஃப்/13, எஃப்/16 என்று தயங்காமல் மூடலாம், படம் அதிகம் மழுங்குவதில்லை. ஃபிளாஷும் மிச்சம் பிடிக்கிறது: ஐஎஸ்ஓ 200, 1/200 வினாடி, ஃபிளாஷ் எட்டில் ஒரு பங்கு பவரில் வைத்து வேலை நடக்கிறது. அடுத்த ஷாட்டுக்கு ஃபிளாஷ் உடனே தயாராகிவிடுகிறது.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் எறும்பின் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல வெள்ளை விழும். வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்துக் கூடு செய்து, வாயில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினேன். ஜூம் நீட்டும்போது லென்ஸ் நிறைய முன்னே வருகிறது, ஆகவே கூட்டின் வாய் ரேநாக்ஸின் விளிம்பையும் தாண்டிப் பூச்சியின் தலைக்கு மேலே வரும்படி நீளம் வைக்க வேண்டும். வெளிச்சத்தைப் பரப்பும் இந்த டிஃப்யூசர் பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வெளிச்சம் மிருதுவாகிறது. இந்த வேலைக்குச் செலவழித்த நேரம் லென்ஸுக்குச் செலவழித்த பணத்தைவிட அதிகமாகப் பலன் தந்தது.

இந்தப் பருவத்தின் சிறந்த படம் மாமரத்தில் கிடைத்தது. முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, அதே செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு முசுறேதான். வ்யூஃபைண்டரில் பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டுகிறது, நிலத்தில் ஊன்றியவை ஆறு. எட்டுக் கால், முகத்தில் பெரிய இரண்டு கண்கள்: மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்ற எறும்பு வேஷச் சிலந்தி, தாவும் சிலந்தி இனம். 1:1 அளவில் எடுத்த படத்தில் அது இன்னும் எறும்பாகத்தான் ஏமாற்றுகிறது. இரண்டு மடங்கில் எடுத்ததில்தான் இடுப்பு ஒடுங்குவதாகக் காட்டும் இடமும், முன் கண்களைச் சுற்றியிருக்கும் நுண்ணிய மயிர் வரிசையும் பிரிந்து தெரிகின்றன. கருவிழியில் என் ட்ரேசிங் பேப்பரின் வெளிச்சம் சின்னச் சதுரமாக விழுந்திருக்கிறது. ஆழம் பத்தாது என்பதால் பக்கவாட்டில், உடல் முழுவதும் சென்சாருக்கு இணையாக வரும்படி நின்று எடுத்தேன். இலைக்காம்பை இடது கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே ஆடும், ஃபோகஸ் தப்பாது. உடம்பை மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிந்த நொடியில் அழுத்துவதுதான் முறை. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள்.

எலுமிச்சைக் கன்றில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டைகள் நகராதவை, ஆகவே பழகுவதற்கு நல்லவை. ஒன்று ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும். புதிதாக இட்டது வெளிர் மஞ்சள், பொரிக்கும் நேரம் நெருங்கும்போது உள்ளே புழு கருத்துத் தெரியும். உருண்டையாக இருப்பதால் ஒரே ஷாட்டில் உச்சியோ விளிம்போதான் தெளியும். பல ஷாட்களைச் சேர்க்கும் ஸ்டாக்கிங் இதற்கு அவசியம், காற்றில்லாத காலையில் மட்டுமே கைகூடும். மார்கழிப் பனியில் பூச்சிகளும் குளிர்ந்து அசையாமல் இருக்கும் என்பதால் அந்த மாதத்துக்குக் காத்திருக்கிறேன்.

நண்பரின் 100 மி.மீ. மேக்ரோவிலும் இதை மாட்டிப் பார்த்தேன். 1:1 நிலையில் மாட்டினால் கணக்குப்படி 2.6 மடங்கு வர வேண்டும். கிட்டத்தில் அந்த லென்ஸும் சுருங்குவதால் ஸ்கேலில் இரண்டேகாலைச் சுற்றித்தான் நின்றது. அந்தச் சின்ன லாபத்துக்குப் பூச்சியை இன்னும் நெருங்க வேண்டியிருக்கிறது. அதே இரண்டு மடங்கை 250 மி.மீ. ஜூமில் தூரம் குறையாமல் எடுப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

மாட்டும் முறையைப் பற்றி ஒன்று. இதனுடன் வரும் கிளிப் 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும், சட்டென்று மாட்ட வசதி. புதருக்குள் கிளை தட்டினால் கழன்றுவிடும். ரேநாக்ஸின் பின்புற மரை 43 மி.மீ., என் லென்ஸின் மரை 58, ஆகவே 58-43 ஸ்டெப் டவுன் ரிங் போட்டுத் திருகிவிட்டேன். அடுத்து டிசிஆர்-150ஐ இரவல் வாங்கிப் பார்க்கப் போகிறேன். அது ப்ளஸ் 4.8, அதாவது 208 மி.மீ. 250இல் 1.2 மடங்குதான் தரும், ஆனால் ஒரு சாண் தூரம் கிடைக்கும். ஊசித்தட்டானுக்கு அந்த இடைவெளி தேவைப்படுகிறது.