உப்பு கம்மியாப் போட்டு ரெண்டு மாசம் போச்சு

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு மேடம் குடுத்தது நேட்ரோனோமோனாஸ் ஃபராவோனிஸ்னு ஒரு ஆர்க்கியா, பாக்டீரியா மாதிரி ஒத்தச் செல் உயிரு, ஆனா வேற இனம். எகிப்து சோடா ஏரி சரக்கு. தூத்துக்குடி உப்பளத்துல தண்ணி செவப்பா நிக்குமே, அதுக்குள்ள இருக்குறதுக்கு இது தூரத்துச் சொந்தம். நீல வெளிச்சம் பட்டா திரும்பி ஓடிரும். கண்ணு கெடையாது, சென்சரி ரோடாப்சின் டூ-னு ஒரு புரோட்டீன்தான், ஏழு ஹெலிக்ஸ், அதாவது சுருள், நடுவுல வெளிச்சத்த வாங்குற ரெட்டினல்னு ஒரு மூலக்கூறு. வெளிச்சம் பட்டதும் எஃப் ஹெலிக்ஸ் வெளிய சாயும், அது பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற ட்ரான்ஸ்டியூசர்ங்கற சிக்னல் கடத்துற புரோட்டீனோட ஹெலிக்ஸ லேசா திருகிவிடும், அங்கருந்து அதே ட்ரான்ஸ்டியூசர்ல ரெண்டு ஹெலிக்ஸும் நடுவுல ஒரு லூப்புமா இருக்குற ஹேம்ப்ங்கற பகுதி வழியா சிக்னல் கீழ எறங்கும்.

இந்த ஹேம்ப் எவ்வளவு ஆடுதுனு பாக்குறதுதான் என் வேலை. 2002-ல இந்த ரெண்டு புரோட்டீனுக்கும் வந்த கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர்ல (அணு எங்கெங்க இருக்குனு காட்டுற வடிவம்) ஹேம்ப் இல்ல, அதனால 2006-ல இன்னொரு ஆர்க்கியாவோட ஹேம்புக்கு என்எம்ஆர்ங்கற முறைல வந்த வடிவத்த வச்சு மாடல் கட்டி, அணுக்கள் எப்படி அசையுதுனு கணக்குப் போடுற க்ரோமேக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஓட்டுனேன். நம்ம மதுரைல மாசம் ஒரு ஷட்டவுன் இருக்கும்ல, லேப் யுபிஎஸ் பத்து நிமிசம்கூட தாங்காது, க்ரோமேக்ஸ் பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தானா செக்பாயிண்ட் போடும், விட்ட எடத்துலருந்தே தொடரலாம்ங்கறது தெரியாம ரெண்டு தடவ மொதல்லருந்து ஓட்டுன அறிவாளி நான்.

ஒருவழியா கிராஃப் வந்துச்சு. ஹேம்ப் பூராம் இங்கிட்டும் அங்கிட்டும் அப்படி ஆடுது, ஆஹா ஃப்ளெக்சிபிலிட்டினு குஷியா மேடம்கிட்ட காட்டுனா, "எவ்வளவு உப்பு போட்ட?"னு ஒத்தக் கேள்வி. 0.15 மோலார், டுடோரியல்ல இருந்தத அப்படியே போட்டேன். "அது மனுச ஒடம்புக்குப்பா, இந்தச் செல்லுக்குள்ள மோலார் கணக்குல பொட்டாசியம் குளோரைடு இருக்கும்"னாங்க. அப்பறம்தான் படிச்சேன், இந்த ஹேம்ப் இறுக்கமா ஒண்ணு தளர்வா ஒண்ணுனு ரெண்டு நிலைக்கு நடுவுல மாறி மாறி நிக்குமாம், உப்பு ஏற ஏற இறுக்கமான பக்கம் சாயுமாம், 2008-லயே ஈபிஆர்ங்கற சோதனைல பாத்துட்டாங்க. நான் ரசிச்ச ஆட்டம் ஹேம்போட குணமா இல்ல நான் போட்ட உப்போட குறையானு எனக்கே சொல்லத் தெரியல.

சரினு 4 மோலார் போட்டேன். 9 நானோமீட்டர் பக்கமுள்ள சிமுலேஷன் பொட்டில மொதல்ல 66 ஜோடி அயனி, இப்ப 1756. ராத்திரி ஓடவிட்டுட்டுப் போய் காலைல விஎம்டிங்கற படம் காட்டுற சாஃப்ட்வேர்ல தொறந்தா பொட்டிக்குள்ள உப்பு கட்டி கட்டியா நிக்குது, நெசமான உப்பளம் மாதிரி, புரோட்டீன் ஓரத்துல பாவமா ஒட்டிக்கிட்டு இருக்கு. 4 மோலார்ல பொட்டாசியம் குளோரைடு தண்ணில கரைஞ்சுதான் இருக்கணும். சீனியர் அண்ணன் பாத்துட்டு, அயனிங்க ஒண்ணையொண்ணு எவ்வளவு இழுக்கும்னு சொல்ற பழைய பாராமீட்டர்ல இது தெரிஞ்ச வியாதிடானு சொல்லி புதுசு ஒண்ணு மாத்திவிட்டாரு. கட்டி போயிருச்சு. ஆட்டமும் நல்லாவே கொறஞ்சுச்சு, ரெண்டு ஹெலிக்ஸையும் இணைக்கிற லூப் மட்டும் இன்னும் அடங்கல.

பழைய ரன்ன, ஒப்பிட்டுப் பாக்குற கம்மி உப்பு கண்ட்ரோல்னு தீசிஸ்ல சொருகிரலாம்னு பாத்தேன், பாராமீட்டர் வேற, உப்பும் அதுல சோடியம், செல்லாதுன்னுட்டாங்க மேடம். இப்ப அதையும் மறுபடி ஓட்டுறேன். வியாழக்கெழம எங்க ஏரியால ஷட்டவுன்.