கினி பிக்குக்கு முடி கொட்டியபோது

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் மீனு, சுண்டல் என்று இரண்டு பெண் கினி பிக்குகள் இருக்கின்றன. முதலில் முடி கொட்டியது மீனுவுக்கு. தோளிலும் முதுகிலும் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓயாமல் சொறிந்ததில் ரத்தக் கீறல்கள். ஒரு ராத்திரி சொறிந்துகொண்டே இருந்தவள் சாய்ந்து விழுந்து, வலிப்பு வந்த மாதிரித் துடித்தாள். பெரிய பயமாகிவிட்டது. சொறி முற்றினால் அரிப்பின் கடுமையிலேயே இப்படி வருமாம்.

ஆயா வேப்பெண்ணெயை எடுத்து வந்தார். "பூசி விடு கண்ணு, சரியாயிடும்" என்றார். கினி பிக் உடம்பை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும். பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். "வேண்டாம் ஆயா, டாக்டர் பாக்கட்டும்" என்றேன். முதலில் போன் செய்த இடத்தில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். அதனால் டர்பனில் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். டிரிக்சகாரஸ் என்ற நுண்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் குடைந்து வாழும், அதனால் குளிப்பாட்டினால் போகாது. சுரண்டலில் பூச்சி அகப்படாவிட்டாலும் சொறி இல்லை என்று சொல்லிவிட முடியாதாம்; அறிகுறியை வைத்தே வைத்தியம் தொடங்குவதும் உண்டு. படர்தாமரையாக இருக்குமோ என்று முடியும் எடுத்துப் பூஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினார். படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும், வீட்டில் குழந்தை இருக்கிறது என்பதால் முடிவு வரும்வரை கையுறை போட்டே தூக்கினோம். பூஞ்சை இல்லை என்று வந்தது.

மருந்து ஐவர்மெக்டின் ஊசி. அது முட்டையைக் கொல்லாது. பொரித்து வரும் குஞ்சுகளுக்காக 7 முதல் 14 நாள் இடைவெளியில் மறுபடி போட வேண்டும். கூடவே வசிக்கும் சுண்டலுக்கும் போட்டார்கள், அரிப்பு இல்லாதபோதும். கூண்டு விரிப்பை எல்லாம் மாற்றினோம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பண்ணைக் கடையில் ஆடு மாடுகளுக்கு விற்கும் ஐவர்மெக்டினை வாங்கி நீங்களே போடாதீர்கள். அதில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். கினி பிக்குக்கு வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம்தான். ஒரு கிலோகூட இல்லாத உடம்புக்கு அந்தத் துளியை வீட்டில் அளக்க முடியாது.

சாப்பாட்டையும் டாக்டர் கேட்டார். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் உடம்பில் வைட்டமின் சி உற்பத்தியாகாது. அது குறைந்தால் முடி மங்கும், தோல் கெடும், பூச்சிக்கும் வாய்ப்பாகிவிடும். தீவன உருண்டையில் சேர்த்த வைட்டமின், மூட்டை பழையதாகப் பழையதாகக் குறைந்துகொண்டே வரும். தண்ணீரில் கலந்தாலும் சீக்கிரம் வீணாகிவிடும். இப்போது தினமும் சிவப்புக் குடைமிளகாய்த் துண்டு கொடுக்கிறோம், குளிர்காலத்தில் கொஞ்சம் கொய்யாவும் உண்டு. வயிறு நிறைய டெஃப் என்ற காய்ந்த தீவனப் புல்தான்.

மீனுவுக்கு அரிப்பு அடங்கிக் குறுமுடி முளைத்தது. அப்புறம் சுண்டலுக்கு இரண்டு விலாவிலும் ஒரே அளவில் முடி போனது. ஆனால் சொறியவே இல்லை, தோலும் சுத்தமாக இருந்தது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். அரிப்போடு கொட்டினால் பூச்சியைத் தேடுங்கள். அரிப்பில்லாமல் இரு பக்கமும் ஒன்றுபோலக் கொட்டினால், வயதான பெண் கினி பிக்கில் சினைப்பை நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வழுக்கையோ பிறவியிலேயே எல்லா கினி பிக்குக்கும் உள்ளது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சைதான் நிரந்தரத் தீர்வு. வயதைப் பார்த்து மயக்க மருந்துக்குத் துணியாமல், டாக்டரோடு பேசி ஹார்மோன் ஊசியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பக்கம் முடி நன்றாக வளர்ந்திருக்கிறது, இன்னொரு பக்கம் அரைகுறையாக. கட்டி இருக்கத்தான் செய்கிறது. சமையலறைத் தராசில் வாராவாரம் எடை பார்க்கிறோம். எடை இறங்கினால் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.